கட்டைவிரல் வெளியே

முதல் பாடம், காற்றைத் திறந்துவிடுவது.
ஹோவிக் தாண்டி, வாட்டில் மரங்களுக்குப் பின்னால்,
ஆறு வண்டிகள் உஸ்ஸென்று மூச்சுவிட
இரண்டு புள்ளி இரண்டிலிருந்து
ஒன்று புள்ளி இரண்டுக்கு இறங்கினோம்.
டயர்கள் மண்ணில் அகன்று உட்கார்ந்தன,
பந்தியில் இடம் பிடித்தவர்கள் மாதிரி.

அடுத்தது கட்டைவிரல்.
"ஸ்டீயரிங்குக்கு உள்ளே மடிக்காதீர்கள்.
பாறை உதைத்தால் வளையம் சுழலும். விரல் போகும்."
நோக்குகான்யாவுக்கு இருபத்தேழு வயது,
என் மகளைவிட இளையவள்.
லெசோத்தோ எல்லையோரம் ஆம்புலன்ஸ் ஓட்டியவளாம்.
அதிகம் பேசமாட்டாள். "கஹ்லே" என்பாள்.
மெதுவாக என்று பொருள்.
அதையும் மெதுவாகத்தான் சொல்வாள்.

நான் தண்ணீர் பரிசோதிக்கிறவள்.
ஆழ்துளைக் கிணறுகள் தார்ச்சாலையோரம் இருப்பதில்லை.
மார்ச்சில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில்
அச்சுவரை புதைந்தேன்.
மாடு மேய்த்தவர்கள் வந்து தள்ளுவதற்குள்
பெட்டியில் ஐஸ் கரைந்து
பதினொரு குப்பித் தண்ணீரும் வீண்.
அதனால் அனுப்பியிருக்கிறார்கள்,
மூன்று படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு.

கூட வந்தவர்களில் ஹென்னி என்பவர்
இதுவரை ஒருமுறையும் சுற்றாத வின்ச்சை
துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.
குணசீலன் படையாச்சி, ஃபீனிக்ஸ் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம்,
பள்ளத்தைப் பார்த்ததும் பின்னால் திரும்பி
"உள்ளே போங்க, உள்ளே போங்க" என்றார்.
காலி இருக்கைகள் கேட்டுக்கொண்டன.

குறுக்குப் பள்ளங்களில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்.
என்ஜின் தரும் விசையெல்லாம்
அந்தச் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கே போகும்.
மண்ணில் நிற்பது அசையாது.
எங்கள் அலுவலகம் எனக்குச் சட்டென்று விளங்கியது.
"அதற்குத்தான் இந்தப் பொத்தான்" என்றாள்.
அழுத்தினேன். அடியில் ஏதோ கடக்கென்று கோத்துக்கொள்ள
வண்டி ஒருக்களித்து
எழுந்து நடந்தது.
அலுவலகத்தில் அப்படிப் பொத்தான் இல்லை.

பிறகு அந்த மேடு.

பாதி ஏறுகையில் கண்ணாடி முழுக்க வானம்.
பாதை எங்கே என்று எட்டிப்பார்த்தேன்.
கால் தளர்ந்தது. என்ஜின் செத்தது.
பிரேக்கின் மேல் நின்றேன், முழு உடம்போடும்.

பிரேக்கை நான் அறிவேன்.
இருபத்தாறு வருடம் கேசவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து
இல்லாத பிரேக்கை மிதித்திருக்கிறேன்.
அந்தக் கொரோலாவை விற்ற அன்று
வாங்க வந்த பையன் கேட்டான்:
"ஓட்டுகிற பக்கம் சரி,
இந்தப் பக்க மிதியடியில் ஏன் ஓட்டை?"

"ரிவர்ஸ் போடுங்கள்" என்றாள்.
போட்டேன்.
"கிளச்சிலிருந்து கால். கஹ்லே."
எடுத்தேன்.
"இப்போது பிரேக்கிலிருந்து."
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் கதவுக் கண்ணாடியில்
பின்னால் இருக்கிற மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்தேன்.
வண்டி ஒரு சாண் சரிந்து
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
இரண்டு காலும் தரையில்.
எதையும் மிதிக்காத என் கால்களை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
"சாவி" என்றாள்.

என்ஜின் இருமிப் பிடித்து
எங்களைப் பின்னோக்கி இறக்கியது,
தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற வேகத்தில்.
அடிவாரத்தில் படையாச்சி கைதட்டினார்.
மேலே ஏறியவர்களுக்கு அவர் தட்டவில்லை.
நான்காவது முயற்சியில் நானும் ஏறினேன்.
மேலே பார்க்க ஒன்றுமில்லை,
இன்னொரு வேலி, இரண்டு மாடு.

சான்றிதழில் திலகேஸ்வரி என்பதில் ஒரு எழுத்து குறைவு.
ஹோவிக் பெட்ரோல் பங்கில் காற்று நிரப்பிய பையன்
சேறு மூடிய நம்பரைத் தேடி
விரலால் ஒரு ஏழைக் கண்டுபிடித்தான்.

டவுன் ஹில் இறக்கத்தில்
லாரிகளுக்கு நடுவே வீடு திரும்புகிறேன்.
வழவழப்பான தார்.
உதைக்க ஒரு கூழாங்கல்கூட இல்லை.
இரண்டு கட்டைவிரலும் வெளியே.